லீமாவின் ஆணி

1973ஆம் ஆண்டு. பெரு நாட்டின் தலைநகர் லீமாவில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்தவர்களிடம் கேமராவைக் கொடுத்து ஒரு கேள்வி கேட்டார்கள்: "சுரண்டல் என்றால் என்ன?" வாயால் சொல்ல வேண்டாம், படமாக எடுத்து வாருங்கள் என்றார்கள். ஒருவர் மளிகைக் கடைக்காரரை எடுத்து வந்தார், ஒருவர் வீட்டுச் சொந்தக்காரரை, இன்னொருவர் அரசு அலுவலகத்தை. ஒரு சிறுவன் கொண்டுவந்த படத்தில் ஆளே இல்லை. ஒரு சுவர். சுவரில் ஓர் ஆணி.

பெரியவர்களில் பலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்றப் பிள்ளைகளோ, சரியான பதில் இதுதான் என்றார்கள். அங்கே ஏழை வீட்டுப் பையன்கள் ஐந்தாறு வயதிலேயே ஷூ பாலிஷ் போடக் கிளம்பிவிடுவார்கள். சொந்தத் தெருவில் ஷூ போடுகிறவர் யாரும் கிடையாது. நகரின் நடுவுக்குத்தான் போக வேண்டும். பிரஷ்ஷும் டப்பாவும் அடைத்த பெட்டியைத் தினமும் வீட்டுக்கும் கடைத்தெருவுக்குமாகத் தூக்கி அலைய முடியாது. அதனால் ஏதாவது ஒரு கடைச் சுவரில் ஓர் ஆணியை வாடகைக்குப் பிடித்து, ராத்திரிக்குப் பெட்டியை அதில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஓர் ஆணிக்கு, ஓர் இரவுக்கு, இரண்டு மூன்று சோல் வாடகை. நாளெல்லாம் குனிந்து சம்பாதித்ததில் ஒரு பங்கை அந்த இரும்புத் துண்டு தின்றது.

இந்த ஆணியைப் பத்திரப்படுத்தி உலகுக்குக் கொண்டுவந்தவர் பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகுஸ்தோ போவால். 1971இல் ராணுவ ஆட்சி அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. நாட்டைவிட்டு வெளியேறி அர்ஜென்டினாவில் குடியேறினார். அங்கிருந்துதான் பெருவின் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்யப் போனார். பாவ்லோ ஃப்ரெய்ரேயின் கல்விச் சிந்தனையில் வளர்ந்த திட்டம் அது. 1974இல் வெளிவந்த 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' நூலில் ஆணியின் கதையை எழுதினார் போவால்.

அதே நூலில் ஆணி உருமாறவும் செய்தது. கேமராவுக்குக் காசு வேண்டும், உடம்புக்கு வேண்டாம். ஒருவர் மற்றவர்களின் கை, கால், முகத்தைத் தொட்டுத் திருத்திச் சிலையாக நிறுத்துகிறார். பேசக்கூடாது. முதலில் நிலைமை இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு சிலை. பிறகு எப்படி இருக்க வேண்டும் என்று இன்னொரு சிலை. கடைசியில், முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு எந்த வழியாகப் போவது என்று மூன்றாவது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தாம் கண்டதை இப்படி முன்வைக்க முடிந்தது. நாடகப் பயிற்சி என்று தொடங்கிய இது, ஆய்வு முறையாகும் தகுதியைப் பிறக்கும்போதே பெற்றிருந்தது.

நம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு மேடை புதிதில்லை. சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் கம்பெனியில் நடிகர் டி.கே.சண்முகம் ஆறு வயதில் சேர்ந்தார். பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் நூற்றுக்கணக்கான பாட்டையும் வசனத்தையும் நெட்டுருப் போட்டார்கள். ராஜாவாகவும் ராணியாகவும் விடிய விடிய நின்றார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் பெண் வேஷத்தை இழந்தார்கள். கலை மேன்மையானதுதான். ஆனால் அந்தப் பையன்கள் பேசியதெல்லாம் பெரியவர்கள் எழுதிக் கொடுத்த பேச்சு. கம்பெனி வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று மேடையில் அவர்களை யாரும் கேட்டதில்லை. 1922இல் புதுச்சேரியில் மறைந்த சுவாமிகளின் பெயரைத்தான் காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி தாங்கியிருக்கிறது. அதே புதுச்சேரியில் வேலு சரவணனின் ஆழி குழந்தைகள் நாடகக் குழு, 'கடல் பூதம்' போன்ற நாடகங்களில், பார்க்க வந்த பிள்ளைகளையும் ஆட்டத்துக்குள் இழுத்துக்கொண்டது.

பல்கலைக்கழகங்களின் கதவு போவாலின் முறைக்குத் திறக்க இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1989இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை வந்தது. 1992இல் இந்தியா அதை ஏற்றது. தன்னைப் பற்றிய விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது அதன் 12ஆம் பிரிவு. குழந்தைகளைப் பற்றி ஆய்வு செய்தவர்கள், குழந்தைகளோடு சேர்ந்து ஆய்வு செய்வது எப்படி என்று தேடத் தொடங்கினார்கள்.

லக்னோவில் பிரேர்ணா பெண்கள் பள்ளி இருக்கிறது. ஊர்வசி சாஹ்னி 2003இல் தொடங்கியது. வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பெண்கள் பலர் அங்கே நாடகத்தின் வழியாகத் தங்கள் வாழ்க்கையை விவாதிக்கிறார்கள். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் காத்லீன் காலகர் நடத்திய ஆய்வில் டொரன்டோ, கவென்ட்ரி, ஏதென்ஸ், தைவானின் தைனான் ஆகிய ஊர்களோடு லக்னோவும் ஒரு களமாக இருந்தது. இளைஞர்கள் தங்கள் பேச்சையும் வாய்மொழி வரலாற்றையும் நாடகமாக்கினார்கள். ஓர் ஊர்க்காரர் செய்ததை மற்ற ஊர்க்காரர்கள் வீடியோவில் பார்த்துப் பதில் சொன்னார்கள்.

தமிழ் நிலத்தில் இந்த வழிக்கு நெருங்கிய உறவு இலங்கையின் மட்டக்களப்பில் இருக்கிறது. 1990களின் முற்பகுதியில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் போர் குழந்தைகளை என்ன செய்திருக்கிறது என்று அங்கே ஆராய்ந்தார்கள். ஆராய்ந்து அறிக்கை எழுதியதோடு வேலை முடியவில்லை. கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைக் குரு பவுல் சற்குணநாயகமும் முன்நிற்க, 1996இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா பிறந்தது. தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் ஒரே இடத்துக்கு வந்து களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நடித்தார்கள். "உனக்கு என்ன நடந்தது?" என்று யாரும் நேராகக் கேட்கவில்லை. சீலாமுனையில் சி.ஜெயசங்கரும் ஊர்க் கூத்தர்களும் செய்த கூத்து மீளுருவாக்கம் இன்னொரு படி மேலே போனது. பழைய பிரதி பெண்ணையும் சாதியையும் எப்படிக் காட்டுகிறது என்று ஊரே உட்கார்ந்து பேசியது. ஆராய்கிறவர் யார், ஆராயப்படுகிறவர் யார் என்ற கோடு அங்கே கலைந்தது.

இந்த வழியை நம் கரையில் ஓர் ஊரில் எண்ணிப் பார்ப்போம்: மரக்காணம். காலாப்பட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கழுவெளி ஏரியை ஒட்டிய உப்பளங்கள். சேற்றை மிதித்துத் தரையை இறுக்கி, உவர்நீர் பாய்ச்சி, பாத்தி பாத்தியாக வெயிலில் காயவிட்டு, பலகையால் வாரி, தலைச்சுமையாக மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை. மழை இறங்கினால் வேலையும் கூலியும் நின்றுவிடும். சாலையில் போகிறவர்கள் காரை நிறுத்தி வெள்ளைக் குவியலைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அங்கே ஒரு பிள்ளையிடம் கேமராவைக் கொடுத்தால் அது எதை எடுக்கும் என்று வெளியாளால் ஊகிக்க முடியாது. ஆணி சொன்ன பாடம் அதுதான்.

கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு போனால் என்ன கிடைக்கும்? அப்பா என்ன வேலை? "உப்பளம்." அம்மா? "உப்பளம்." உனக்கு அது பிடிக்குமா? பிள்ளை டீச்சர் முகத்தைப் பார்க்கும். அதே வகுப்பில், "அஞ்சு பேரா சேருங்க. மழைக்காலத்துல ஒரு வீடு, சாயங்கால நேரம். ஸ்டாச்சு!" என்றால் வேறு ஏதாவது நடக்கலாம். அந்த விளையாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பையன் கையை நீட்டி நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "உதவி கேட்கிறான்" என்று ஆய்வாளர் குறிப்பேட்டில் எழுதிவிடக்கூடும். அவன் கடைக்காரரிடம் கணக்கு நோட்டை நீட்டிக்கொண்டிருக்கலாம். எனவே முதலில் பார்க்கிற பிள்ளைகள் சொல்ல வேண்டும், பிறகு சிலையை வடித்தவர்கள் சொல்ல வேண்டும், கடைசியாகத்தான் ஆய்வாளர் எழுத வேண்டும். இந்த வரிசை மாறினால், ஆய்வாளர் தம் மனத்தில் இருப்பதையே பிள்ளையின் உடம்பில் படித்துவிட்டு வருவார்.

நாடகத்தில் ஆபத்தும் உண்டு. 2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் பத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அப்படிப்பட்ட கரையில் ஒரு பிள்ளை தள்ளாடி நடந்து காட்டினால், அது எந்த வீட்டுக் கதை என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆய்வேட்டில் பெயரை மாற்றலாம். நாலு தெரு உள்ள ஊரில் முகத்தை மாற்ற முடியாது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பிள்ளையைத் தன் சொந்தக் கதையை நடிக்கச் சொல்வதில்லை. கற்பனை ஊர், கற்பனைப் பெயர், "நான்" என்ற இடத்தில் "அவன்". நடிக்க மாட்டேன் என்று ஓரமாக உட்கார்ந்திருக்கவும் உரிமை. முடிந்ததும் வேஷத்தை உதறிவிட்டுச் சொந்தப் பெயருக்குத் திரும்ப ஒரு விளையாட்டு. வீடியோவில் யார் தெரிகிறார்கள், அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று பிள்ளைக்குப் புரியும்படி சொல்லிவிட்டே கேமராவை எடுக்க வேண்டும்.

இத்தனை செய்தாலும் ஒரு கடன் பாக்கி இருக்கும். மூன்று நாள் பட்டறை நடத்திவிட்டுப் போன ஆய்வாளர், கண்டதை எழுதி முடித்தபின் அதே பள்ளிக்குத் திரும்ப வேண்டும். எழுதியதைப் பிள்ளைகளுக்கு வாசித்தும் நடித்தும் காட்டி, "இதுதானே நீங்க சொன்னது?" என்று கேட்க வேண்டும். ஒரு காட்சி வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், ஆய்வேட்டின் மிக நல்ல பக்கமாகவே அது இருந்தாலும், எடுத்துவிட வேண்டும்.