குரோமின் வாயில் மொசில்லாவின் பெயர்: உலாவிகளின் வம்சாவளி

சில வாரங்களாக நாங்கள் விவால்டி என்ற உலாவியைப் பாவித்துப் பார்க்கிறோம். குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே பக்கங்களை நான்கிலும் திறந்து ஒப்பிட்டோம். விவால்டியில் பிடித்த விசயங்கள் கன இருக்கு. திறந்து வைத்த டப்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். ஒரே ஜன்னலுக்குள் இரண்டு பக்கங்களை அருகருகே வைத்து வாசிக்கலாம். ஓரத்தில் குறிப்பெழுத ஒரு பலகை இருக்கு. விளம்பரத் தடுப்பான் உள்ளேயே வருகிறது. குரோம் எளிமையானது, யாருக்கும் பழகத் தேவையில்லை. பயர்பொக்ஸில் சின்னச் சின்ன வேலைகளுக்கும் விரும்பிய நீட்சிகளைப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் பக்கங்களைப் பார்த்தால் விவால்டி, எட்ஜ், குரோம் மூன்றுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சட்டகம்தான் வேறு, உள்ளே இருக்கும் படம் ஒன்று. இது தற்செயல் இல்லை. அதற்குப் பின்னால் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கு.

அந்த வரலாற்றை வாசிக்க ஒரு நல்ல ஆவணம் எங்கள் எல்லாருடைய கணினியிலும் கிடக்கிறது. ஒரு உலாவி எந்தத் தளத்துக்குப் போனாலும் வாசலில் நின்று தன்னை அறிமுகம் செய்யும். குரோம் சொல்லும் அறிமுகத்தைத் தமிழில் எழுதினால் ஏறத்தாழ இப்படி வரும்: "மொசில்லா 5.0, ஆப்பிள் வெப்கிட் 537.36, கேஎச்டிஎம்எல், கெக்கோ போன்றது, குரோம், சஃபாரி 537.36." தன் பெயரை ஒரு முறைதான் சொல்கிறது. மிச்சமெல்லாம் மற்றவர்களின் பெயர். சோழ மன்னர்களின் மெய்க்கீர்த்தி மாதிரி, இதிலும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு போர் இருக்கு. ஒவ்வொன்றாக வாசிப்போம்.

மொசில்லாவுக்கு முன்: மாணவர்களின் காலம்

டிம் பேர்னர்ஸ்-லீ 1990 இன் இறுதியில் சேர்ன் ஆய்வுகூடத்தில் எழுதிய முதல் உலாவி, வாசிக்க மட்டுமல்ல, பக்கங்களைத் திருத்தவும் எழுதவும் கூடியதாக இருந்தது. ஆனால் அது நெக்ஸ்ட் என்ற விலைகூடிய கணினியில் மட்டுமே ஓடியது. எந்தக் கணினியிலும் ஓடக்கூடிய, வெறும் எழுத்தை மட்டும் காட்டும் உலாவியை எழுதியவர் நிக்கோலா பெல்லோ. அவர் அப்போது சேர்னுக்குப் பயிற்சிக்காக வந்திருந்த ஒரு பல்கலைக்கழக மாணவி.

அடுத்து வந்தவர்களிலும் மாணவர்கள் கனபேர். 1992 இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நான்கு மாணவர்கள் எர்வைஸ் உலாவியைச் செய்தார்கள். அதே வருடம் கன்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து லின்க்ஸ் வந்தது. 1993 இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தின் சூப்பர் கணினி மையத்தில் மார்க் ஆண்ட்ரீசன் என்ற இளங்கலை மாணவரும் எரிக் பீனா என்ற ஊழியரும் சேர்ந்து மொசாயிக்கை எழுதினார்கள். எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் சேர்ந்து வரும் இணையத்தைச் சாதாரண ஆக்களுக்குக் கொண்டுபோனது இதுதான். 1993 ஏப்ரல் 30 அன்று சேர்ன் நிறுவனம் இணையத்தின் மென்பொருளை எல்லாருக்கும் பொதுவாக விட்டிருந்தது. அனுமதி கேட்கத் தேவையில்லை, காசு கட்டத் தேவையில்லை. எங்கள் வயதில் இருக்கிற இரண்டு பேர் சில மாதத்தில் ஒரு உலாவியை எழுதிவிடக்கூடிய காலம் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இங்கேதான் திரும்பி வருவோம்.

எல்லாரும் ஏன் மொசில்லா?

ஆண்ட்ரீசன் 1994 இல் ஜிம் கிளார்க்கோடு சேர்ந்து தொடங்கிய கம்பனிதான் நெட்ஸ்கேப். அவர்களுடைய நேவிகேட்டர் உலாவியின் உள்வீட்டுப் பெயர் மொசில்லா. மொசாயிக்கை விழுங்க வந்த கொட்சில்லா என்று பொருள். 1995 ஓகஸ்ட் 9 அன்று நெட்ஸ்கேப்பின் பங்குகள் 28 டொலருக்கு விற்பனைக்கு வந்து, அன்று மாலையே 58 டொலரைத் தாண்டி முடிந்தன. அதே மாதத்தில் மைக்ரோசொஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் வந்தது. அதன் அடித்தளம், ஸ்பைகிளாஸ் என்ற கம்பனியிடமிருந்து லைசன்ஸ் வாங்கிய மொசாயிக்.

அப்போது பல தளங்கள், வருவது மொசில்லா என்று சொன்னால் மட்டுமே நல்ல பக்கத்தைக் கொடுத்தன. மற்றவர்களுக்கு வெறுமையான ஒரு பக்கம். ஆகவே எக்ஸ்ப்ளோரரும் "நானும் மொசில்லாதான்" என்று சொல்லத் தொடங்கியது. அந்தப் பொய் இன்றுவரை எல்லா உலாவியின் வாயிலும் நிற்கிறது.

1997 இல் எக்ஸ்ப்ளோரர் 4 வந்த இரவு, மைக்ரோசொஃப்ட் ஆக்கள் ஒரு பெரிய 'ஈ' சின்னத்தைக் கொண்டுவந்து நெட்ஸ்கேப் அலுவலகத்தின் புல்தரையில் வைத்துவிட்டுப் போனார்கள். நெட்ஸ்கேப் ஆக்கள் அதைச் சரித்து, தங்கள் மொசில்லா டைனோசரை அதற்கு மேலே ஏற்றி, "நெட்ஸ்கேப் 72, மைக்ரோசொஃப்ட் 18" என்று பலகை மாட்டினார்கள். அது சந்தைப் பங்கின் கணக்கு. ஆனால் எக்ஸ்ப்ளோரர் விண்டோஸோடு இலவசமாக, கேட்காமலே வந்தது. சில வருடங்களில் அந்தக் கணக்கு தலைகீழாகியது. 1998 மே மாதம் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. 2000 ஆம் ஆண்டில் கம்பனியை இரண்டாக உடைக்கத் தீர்ப்பு வந்தது. 2001 இல் மேல்நீதிமன்றம் அந்த உடைப்பை நீக்கியது. அதற்குள் நெட்ஸ்கேப் தோற்று, ஏஓஎல் கம்பனிக்கு விற்கப்பட்டிருந்தது.

வென்றவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். 2001 இல் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தபோது போட்டியே இல்லை. அடுத்த பதிப்பு 2006 இல்தான் வந்தது. ஐந்து வருடம் உலகத்தின் பெரும்பகுதி ஒரே பழைய உலாவியோடு உறைந்துபோய் நின்றது.

அந்தக் காலத்தில் தமிழ் எங்கே நின்றது?

இந்தக் கதை எங்களைத் தொடாதது என்று நினைக்க வேண்டாம். அப்போது இலங்கைத் தமிழர், புலம்பெயர்ந்தோர் தளங்கள் கனக்க பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு கணினியில் இல்லையெண்டால், 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் முறை பிறகு வந்தது. அதிலும் நெட்ஸ்கேப்புக்கு ஒரு வகை, எக்ஸ்ப்ளோரருக்கு வேறொரு வகை. ஒன்றுக்குச் செய்தது மற்றதில் வேலை செய்யாது. இரண்டு அமெரிக்கக் கம்பனிகளின் சண்டைக்கு, தமிழில் தளம் நடத்தியவர் இரண்டு தரம் வேலை செய்தார்.

யுனிகோடு வந்த பிறகும் எல்லாம் சரியாகவில்லை. பயர்பொக்ஸின் ஆரம்பப் பதிப்புகளில், பந்தியின் இரண்டு ஓரத்தையும் நேராக்கி வைத்த தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துகள் உடைந்துவிடும். 'கொ' என்ற ஒரு எழுத்து கொம்பு தனியே, 'க' தனியே, அரவு தனியே என்று சிதறிக் கிடக்கும். அதே பக்கம் எக்ஸ்ப்ளோரரில் ஒழுங்காகத் தெரியும். 2008 ஜூனில் வந்த பயர்பொக்ஸ் 3 இல்தான் அது தீர்ந்தது. ஆக, ஒரு மொழியின் எழுத்து திரையில் நிமிர்ந்து நிற்குமா, உடைந்து விழுமா என்பதை, உலாவியின் உள்ளே எழுத்தையும் படத்தையும் வரைகிற எஞ்சின்தான் முடிவு செய்கிறது. எஞ்சின் யார் கையில் என்ற கேள்வி எங்களுக்கும் உரியது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கெக்கோ, கேஎச்டிஎம்எல், சஃபாரி, குரோம்

அறிமுகத்தில் மிச்சப் பெயர்களுக்கு வருவோம். தோற்றுக்கொண்டிருந்த நெட்ஸ்கேப் 1998 மார்ச் 31 அன்று தன் உலாவியின் மூலநிரலைப் பொதுவில் விட்டது. அதைச் சுற்றி உருவான மொசில்லா திட்டத்தில், பழையதை விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டிய எஞ்சின்தான் கெக்கோ. 2004 நவம்பர் 9 அன்று பயர்பொக்ஸ் 1.0 அதோடு வந்தது. அடுத்த மாதம் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் இரண்டு பக்க விளம்பரம் வந்தது. காசு கொடுத்தவர்கள் பாவனையாளர்கள்தான். மொசில்லா பிறகு தமிழிலும் பயர்பொக்ஸை வெளியிட்டது. ஒரு காலத்தில் 'தமிழ், இலங்கை' என்று தனிப் பதிப்பே இருந்தது.

இதே காலத்தில், கேடிஈ என்ற லினக்ஸ் தன்னார்வலர் குழு கொங்கரர் என்ற உலாவியைச் செய்தது. நேவிகேட்டர் என்றால் மாலுமி. எக்ஸ்ப்ளோரர் என்றால் நாடுகாண் பயணி. அடுத்து வருவது ஆக்கிரமிப்பாளன்தானே என்ற பகிடி அந்தப் பெயரில் இருக்கு. 1505 இற்குப் பிறகான வரலாற்றைப் படித்த எங்களுக்கு இந்த வரிசையை விளக்கத் தேவையில்லை. கொங்கரரின் எஞ்சின் பெயர் கேஎச்டிஎம்எல். தளங்கள் தன்னையும் மதிக்கவேண்டும் என்பதற்காக "கெக்கோ போன்றது" என்று சேர்த்துக்கொண்டது.

2003 ஜனவரியில் ஆப்பிள் தன் சஃபாரியை அறிவித்தபோது, உள்ளே இருந்தது இந்தத் தன்னார்வலர்களின் எஞ்சின்தான். அதை வளர்த்து வெப்கிட் என்று பெயரிட்டது. 2008 செப்டெம்பர் 2 அன்று கூகுள் குரோமை வெளியிட்டபோது, அந்த வெப்கிட்டை எடுத்துக்கொண்டது. 2013 இல் அதிலிருந்து பிரிந்து, பிளிங்க் என்று தன் வழியில் போனது. ஊதியம் வாங்காத சில பேரின் உழைப்பு, உலகின் இரண்டு பெரிய கம்பனிகளின் உலாவிக்கு அத்திவாரம். அவர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போனது அறிமுக வரியில் ஒரு சொல்.

விவால்டியின் கதை

நோர்வேயின் ஒபெராவை எங்களுக்கு முந்திய தலைமுறை நன்றாக அறியும். சின்ன நொக்கியா போனில் ஒபெரா மினியைப் போட்டால், பக்கம் முதலில் ஒபெராவின் சேர்வருக்குப் போய், சுருங்கி, பிறகு போனுக்கு வரும். டேட்டா மிச்சம். போனில் தமிழ் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், ஒரு மறைவான அமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பச் சொல்லும் தெரிவை 'ஆம்' ஆக்கவேண்டும். உடனே தமிழ் வந்துவிடும். கொஞ்சம் கூடுதலாக டேட்டா போகும், ஆனால் வாசிக்கலாம்.

ஒபெராவுக்கு பிரெஸ்டோ என்ற சொந்த எஞ்சின் இருந்தது. 2013 இல் அதைக் கைவிட்டு, குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறியது. ஒபெராவை நிறுவியவர்களில் ஒருவரான யோன் வொன் டெட்ஸ்னர் அதற்கு முன்பே விலகியிருந்தார். அவர் தொடங்கியதுதான் நாங்கள் இப்போது பாவிக்கும் விவால்டி. முதல் பதிப்பு 2016 இல் வந்தது. அதுவும் குரோமியம்தான். ஒரு காலத்தில் சொந்த எஞ்சின் வைத்திருந்த கம்பனியைக் கட்டியவராலேயே இரண்டாம் முறை எஞ்சின் கட்ட முடியவில்லை. மைக்ரோசொஃப்டாலும் முடியவில்லை. 2020 ஜனவரியில் எட்ஜும் குரோமியத்துக்கு வந்தது.

இன்னொரு விசயம். சில தளங்கள் விவால்டி என்ற பெயரைக் கண்டதும் வாசலை மூடின. அதனால் 2019 இன் இறுதியில் விவால்டி தன் பெயரை அறிமுகத்திலிருந்து பெரும்பாலும் எடுத்துவிட்டு, குரோம் என்றே சொல்லத் தொடங்கியது. எக்ஸ்ப்ளோரர் அன்று மொசில்லா என்று சொன்னது மாதிரி.

ஒன்றாக இருந்தால் என்ன?

எங்களுக்குள் இது பற்றிக் கனக்கக் கதைத்தோம். ஒரே எஞ்சின் என்றால் தளம் செய்பவருக்கு வேலை குறைவு. குரோமியத்தின் நிரலும் திறந்தே இருக்கு, யாரும் எடுக்கலாம். தமிழும் இன்று எங்கும் உடையாமல் தெரிகிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் தமிழ் உடையாமல் நிற்பதற்கு ஒரே எஞ்சின் காரணமில்லை. எழுத்துகளைக் கோக்கும் ஹாப்பஸ் என்ற பொது நூலகத்தை, போட்டி எஞ்சின்களான கெக்கோவும் பிளிங்க்கும் இரண்டுமே பாவிக்கின்றன.

நிரல் திறந்திருப்பது வேறு, முடிவு யாருடையது என்பது வேறு. நீட்சிகள் எப்படி வேலை செய்யவேண்டும் என்ற விதியைக் கூகுள் மாற்றியதால், கனபேர் பாவித்த யூபிளொக் ஒரிஜின் விளம்பரத் தடுப்பான் குரோமில் நிறுத்தப்பட்டது. பயர்பொக்ஸில் அது இன்றும் ஓடுகிறது. விவால்டியின் தடுப்பான் உள்ளேயே கட்டப்பட்டதால் தப்பியது. விளம்பரத்தில் உழைக்கும் கம்பனி, விளம்பரத்தைத் தடுக்கும் கருவியின் எல்லையையும் தீர்மானிக்கிறது. ரீலோட் போட்டு டேட்டா எண்ணிப் பாவிக்கிற எங்களுக்கு இது சின்ன விசயம் இல்லை.

இதற்கு எதிரே நிற்கும் பயர்பொக்ஸும் கூகுளின் காசில்தான் பெரும்பாலும் வாழ்கிறது. கூகுளை முதல் தேடுபொறியாக வைப்பதற்கான பணம் அது. இப்படி உலாவிகளுக்கும் போன் கம்பனிகளுக்கும் கூகுள் 2021 இல் மட்டும் 26.3 பில்லியன் டொலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. 2024 ஓகஸ்ட்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்தது என்று தீர்ப்பளித்தார். ஆனால் 2025 செப்டெம்பரில், குரோமை விற்கத் தேவையில்லை என்றும் சொன்னார். 2001 இல் நடந்தது திரும்பவும் நடந்தது போல இருக்கு.

1992 இல் நான்கு மாணவர்கள் செய்ததை இன்று செய்ய முடியுமா? எஞ்சின் கட்டுவது அவ்வளவு பெரிய வேலையாகிவிட்டது. அப்படியும் லேடிபேர்ட் என்ற முயற்சி, யாருடைய எஞ்சினையும் எடுக்காமல் முதலிலிருந்து எழுதப்படுகிறது. ஒருவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய இயங்குதளத்துக்குள் பிறந்து, 2024 இல் இலாபநோக்கற்ற அமைப்பாகியது. அது வெல்லுமா என்பது வேறு கதை. வாசல் முழுதாக மூடவில்லை என்பதற்கு அது சாட்சி.

எங்கள் ஒப்பீட்டின் முடிவு இது. வசதிக்கு விவால்டி திறம், நாங்கள் அதை அழிக்கப் போவதில்லை. ஆனால் அன்றாட வாசிப்பைப் பயர்பொக்ஸுக்கு மாற்றிக்கொண்டோம். காரணம் வேகமோ அழகோ இல்லை. கணினியில் பரவலாகப் பாவிக்கப்படும் எஞ்சின்கள் மூன்றுதான் மிச்சம்: பிளிங்க், வெப்கிட், கெக்கோ. இதில் பெருங்கம்பனி ஒன்றின் கையில் இல்லாதது கெக்கோ மட்டும். அதை ஒருவரும் பாவிக்காவிட்டால், தளம் செய்பவரும் அதில் சோதித்துப் பார்க்கமாட்டார். பிறகு அது தானாகவே சாகும். நெட்ஸ்கேப் செத்தது அப்படித்தான். அடுத்த முறை யாராவது "புது பிரவுசர் ஒண்டு வந்திருக்கு, திறமாம்" என்று சொன்னால், ஒரு கேள்வி கேளுங்கள்: எஞ்சின் யாருடையது?