பிரிட்ஜ்: நான்காம் சீட்டும் எண்ணிக்கைச் சைகையும்

கான்ட்ராக்ட் பிரிட்ஜில் தடுத்து ஆடும் கூட்டாளிகள் வாய் திறக்கக் கூடாது. சீட்டுகள்தான் பேச வேண்டும். ட்ரம்ப் இல்லாத ஆட்டத்தில், கையிலுள்ள நீளமான வகையின் மேலிருந்து நான்காவது சீட்டை முதலில் இறக்குவது பழைய மரபு.

இதையொட்டி, விஸ்ட் ஆட்டக் காலத்திலேயே ஆர். எஃப். ஃபாஸ்டர் வகுத்தது பதினொன்று விதி. இறக்கியது 7 எனில், 11-இல் 7 போக 4. அதைவிடப் பெரிய சீட்டுகள் மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து நான்கே. மேசையில் விரித்து வைத்த டம்மி கையில் இரண்டு, இறக்கியவரின் கூட்டாளியிடம் ஒன்று என்றால், எதிரணியில் ஆட்டத்தை நடத்தும் டிக்ளேரரிடம் மிச்சம் ஒன்றுதான். அழகான கணக்கு!

அடுத்தது எண்ணிக்கைச் சைகை: டிக்ளேரர் ஆடும் வகையில் தடுப்பவர் பெரியது போட்டுச் சிறியது போட்டால், அவ்வகையில் அவரிடம் உள்ள சீட்டுகள் இரட்டைப்படை. சிறியது முந்தினால் ஒற்றைப்படை. டம்மியில் டயமண்ட் கிங், குவீன், ஜாக், 10, 9 இருந்து, அங்கே போக வேறு வழியில்லாதபோது இதன் அருமை தெரியும். ஏஸோடு மூன்று டயமண்ட் வைத்திருப்பவர், கூட்டாளியிடம் மூன்று என அறிந்தால் இரண்டாம் சுற்றிலேயே ஏஸை இறக்கலாம். இரண்டு எனில் மூன்றாம் சுற்றுவரை பொறுக்க வேண்டும்.

சில ஜோடிகள் இச்சைகையைத் தலைகீழாக வைத்துக்கொள்வதுண்டு.