பூந்தமல்லிக்குக் கடல் வந்த வழி

அம்பத்தூரில் ஏரி உண்டு, கொரட்டூரில் உண்டு. ஆவடிக்குப் பக்கத்தில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். ஏரிக்குக் குறைவில்லாத சென்னையின் மேற்குப் புறநகருக்கு இல்லாதது கடல் ஒன்றுதான். ஆனாலும் காணும் பொங்கலன்று புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, பாட்டி முதல் கைக்குழந்தை வரை மெரினாவுக்குக் கிளம்பும் குடும்பங்களில் இந்த வட்டாரத்தார் ஏராளம்.

19ஆம் நூற்றாண்டில் காற்று வாங்கப் போகும் திசை நேர்மாறாக இருந்தது. நோயில் விழுந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை உடம்பு தேறுவதற்காகப் பூந்தமல்லி கன்டோன்மென்டுக்கு அனுப்பினார்கள். சென்னையின் கடற்கரை அன்று சரக்கு இறங்கும் இடம். கப்பல்கள் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, நார்க்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் அலையோடு மல்லுக்கட்டி ஆளையும் பொதியையும் கரை சேர்த்தன. உட்கார்ந்து சுண்டல் தின்ன இன்றிருப்பது போன்ற பரந்த மணல்வெளி அப்போது கிடையாது. அலை இன்றைய சாலைக்கு வெகு அருகில் வந்து போனது.

மணலைக் கொண்டுவந்து கொட்டியது துறைமுகம். 1876இல் கட்டத் தொடங்கினார்கள், 1881 நவம்பர் புயல் கட்டியதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே கடல் நீரோட்டம் இழுத்துச் செல்லும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போயிற்று. அந்தக் கரையில் 1884இல் உலாவுசாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டவர் ஆளுநர் கிராண்ட் டஃப். சிசிலித் தீவின் பலெர்மோ நகரக் கடற்கரை அவர் மனத்தில் இருந்தது. இந்த அழகுக்கு விலை கொடுத்தது வடசென்னை. மணல் வந்து சேராமல் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் ஊருக்குள் புகுந்தது. மீனவர் குப்பங்கள் கரையை இழந்தன.

ஆளுநர் சாலை போடுவதற்கு வெகுகாலம் முன்பே, உள்நாட்டு ஊர்களிலிருந்து கடலுக்குப் போகும் வழக்கம் இருந்தது. அது பொழுதுபோக்கு அல்ல, வழிபாடு. அமாவாசைக்கு முன்னோருக்குத் தர்ப்பணம், மாசி மகத்துக்குத் தீர்த்தவாரி. இன்றும் திருவள்ளூர், செங்கல்பட்டு பகுதி இருளர்கள் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். புடவையை வளைத்துக் கட்டிக் கூடாரம் போட்டு இரவைக் கழிக்கிறார்கள். விடிந்ததும் ஈரமணலில் படி எழுப்பி, பூவும் பழமும் வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். கல்யாணங்களும் அந்த மணலிலேயே நடக்கின்றன.

சாமிக்காகப் போன கடலுக்குச் சும்மாவும் போகலாம் என்று ஆக்கியவை ரயிலும் மாதச் சம்பளமும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வட்டாரத்தின் வழியேதான் போனது. ஆனால் வேலைநாள், விடுமுறைநாள் என்று வாரத்தைப் பிரித்து வாழும் கூட்டம் இங்கே பெருகியது சுதந்திரத்துக்குப் பிறகு. அம்பத்தூரில் 1949இல் டிஐ சைக்கிள்ஸ் வந்தது, 1960களில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு அடிக்கல் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டானது. ‘அண்ணா சதுக்கம்’ என்று பலகை போட்ட பேருந்துகளுக்கு அன்றைக்குக் கூட்டம் சேர்ந்தது.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கும். ‘பீச்’ என்ற பெயரை நம்பி அந்த நிலையத்தில் இறங்கினால் எதிரே நிற்பது துறைமுகம். விவரம் தெரிந்தவர்கள் சென்ட்ரலிலேயே இறங்கி, பூங்கா நகர் நிலையத்துக்கு நடந்து, பறக்கும் ரயிலில் சேப்பாக்கமோ திருவல்லிக்கேணியோ போய்விடுவார்கள்.

காணும் பொங்கல் மாலையில் மெரினாவைப் பார்க்க வேண்டும். மிளகாய் பஜ்ஜிக் கடை, பலூன் சுடும் பலகை, ராட்டினம், குதிரை, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் கைபேசி எண் எழுதிய பட்டையைப் போலீசார் கட்டிவிடுகிறார்கள். அலைக்கு முன்னால் சவுக்குக் கட்டைத் தடுப்பு. பக்கத்தில் பார்க்க அமைதியாகத் தெரியும் இந்தக் கடலில் இரண்டடி தள்ளினாலே ஆழம் சரேலென்று இறங்கும், அடிநீரோட்டம் காலை வாரும். ஏரியில் நீச்சல் பழகியவரின் தைரியம் இங்கே செல்லாது.

இப்போது பூந்தமல்லிக்கும் கடலுக்கும் நேர்த்தடமே போடப்படுகிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் நான்காவது வழித்தடம் கலங்கரை விளக்கத்தில் தொடங்கிப் பூந்தமல்லி புறவழிச்சாலை வரை 26.1 கிலோமீட்டர். பூந்தமல்லிப் பக்கத்தில் 2025 மார்ச்சில் முதல் சோதனை ஓட்டம் நடந்தது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இந்தத் தடத்தால் நேர்ப்பயன் இல்லை. ஆனால் அவ்வூர்கள் வழியே வரும் மேற்குப் புறநகர் ரயில் தடமும் பறக்கும் ரயில் தடமும் அந்தப் ‘பீச்’ நிலையத்தில் சேரத்தான் செய்கின்றன. காணும் பொங்கலன்று ஒருநாளாவது, ஆவடியில் ஏறினால் கலங்கரை விளக்கத்தில் இறங்கும்படி ரயில்வே கூடுதல் ரயில்கள் விட்டால், கைக்குழந்தையும் சாப்பாட்டுக் கூடையுமாக வருகிறவர்கள் சென்ட்ரலில் படியேறி இறங்கும் பாடு குறையும்.