துணிமூட்டை போன வழி

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஒரு விரிவுரையில் 'வட்டார வெப்பமூட்டல்: ரெய்க்யவிக், 1930' என்று ஒரு ஸ்லைடு வந்தது. பக்கத்தில் ஒரு குழாயின் படம். அவ்வளவுதான். சோதனைக்கு மனப்பாடம் செய்து எழுதி, மறந்தும் போனேன். நம்ம ஊருக்கு எதுக்கு வெந்நீர்க் குழாய்? இங்கே மரினா பேயில் நிலத்துக்கடியில் குளிர்ந்த நீரைக் குழாயில் அனுப்பிக் கட்டடங்களைக் குளிர்விக்கிறோம். ஐஸ்லாந்தில் அதே வேலை, தலைகீழாக.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஏதோ தேடப்போய் மறுபடியும் அந்தக் குழாயிடம் வந்து நின்றேன். இந்த முறை அதற்கு முந்தைய கதையும் கிடைத்தது.

ரெய்க்யவிக் என்றால் 'புகை விரிகுடா'. ஒன்பதாம் நூற்றாண்டில் குடியேற வந்தவர்கள் கண்டது புகையல்ல, வெந்நீர்ச் சுனைகளின் ஆவி என்பார்கள். ஆனால் அந்தச் சூடு பல நூற்றாண்டுகள் வீட்டுக்குள் வரவில்லை. குளிக்கவும் துணி துவைக்கவும்தான் பெரும்பாலும் பயன்பட்டது.

துவைத்தவர்கள் பெண்கள். ஊரிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, லொய்கார்டாலுர் பள்ளத்தாக்கில் சலவைச் சுனைகள் இருந்தன. பெரும்பாலும் வேலைக்காரப் பெண்கள்தான் துணிமூட்டை, தொட்டி, வாளி, சோப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு போனார்கள். குளிர்காலத்தில், பனியில், இருட்டில். திரும்பும்போது ஈரத்துணி இன்னும் கனக்கும். கொதிக்கும் சுனையில் தவறி விழுந்து வெந்து செத்தவர்களும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் சுனைக்கு மேல் இரும்புக் கம்பித் தடுப்பு போட்டார்கள்.

இவர்கள் நடப்பதற்காக ஒரு சாலை போட 1885இல் முடிவானது. அதற்குப் பெயர் லொய்காவேகுர், அதாவது சுனைக்குப் போகும் வழி. இன்றைக்கு அது ரெய்க்யவிக்கின் முக்கியக் கடைத்தெரு.

ஸ்லைடில் இருந்த குழாய் இதற்குப் பிறகுதான் வருகிறது. 1928இல் அதே சலவைச் சுனைகளின் அருகே துளையிட்டார்கள். விநாடிக்கு 14 லிட்டர், 87 பாகை சூட்டில் நீர் கிடைத்தது. 1930இல் 3 கிலோமீட்டர் குழாய் போட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் அறுபது, எழுபது வீடுகளுக்கும் கொண்டுபோனார்கள். பெண்கள் சூட்டைத் தேடி நடந்த தூரமும், சூடு ஊருக்குள் வந்த தூரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மற்ற வீடுகளில் இறக்குமதி நிலக்கரிதான் எரிந்தது. 1930களின் புகைப்படங்களில் ஊரின்மேல் கரிப்புகை படர்ந்திருக்கிறது. பெயரில் இருந்த புகை நிஜமாகவே வந்துவிட்டது. அடுத்து, 17 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ரெய்கிரிலிருந்து நீர் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். வேலை பாதியில் இருக்கும்போது, 1940இல் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தது. குழாய்ச் சாமான்கள் கோப்பன்ஹேகனில் மாட்டிக்கொண்டன. அமெரிக்காவிலிருந்து வேறு வாங்கி, 1943 இறுதியில்தான் நீர் ஓடியது. 1945 முடிவதற்குள் 2,800க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இணைப்பு கிடைத்தது.

அப்படியும் நாடு முழுக்க மாறவில்லை. 1970இல் ஐஸ்லாந்தின் வீடுகளில் ஏறக்குறையப் பாதி எண்ணெயில்தான் சூடாயின. 1973இல் எண்ணெய் விலை எகிறியது. அதன் பிறகுதான் அரசு கடன் கொடுத்து, எல்லா ஊர்களிலும் துளையிட வைத்தது. இன்று பத்தில் ஒன்பது வீடுகள் பூமியின் சூட்டில் கதகதப்பாக இருக்கின்றன. ஆக, இந்த மாற்றத்தைத் தள்ளிவிட்டது சுற்றுச்சூழல் அக்கறை அல்ல. கரிப்புகையும் எண்ணெய் பில்லும்தான். பசுமை நகரம் என்று பேசும் கூட்டங்களில் இதை யாரும் சொல்வதில்லை.

சொல்லாத இன்னொன்றும் உண்டு. துளையிட்டு உறிஞ்சியதில் லொய்கார்டாலுரின் இயற்கைச் சுனை நின்றுபோனது. ரெய்கிரிலும் நிலத்தடி நீர்மட்டம் சரிந்துகொண்டே வந்தது. 1990இல் 27 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நெஸ்யாவெட்லிர் நிலையம் தொடங்கியது. அங்கே நிலத்தடி ஆவியின் சூட்டைக்கொண்டு குளிர்ந்த நன்னீரைக் காய்ச்சி அனுப்புகிறார்கள். ஏனென்றால் பூமியிலிருந்து வரும் அந்த நீரில் உள்ள தாதுக்கள் குழாயில் படிந்து அடைத்துவிடும். அவ்வளவு தூரம் வந்தும் நீர் 2 பாகைக்கு மேல் ஆறுவதில்லை. ரெய்கிரில் எடுப்பதைக் குறைத்ததும் மட்டம் மறுபடி ஏறியது. புதுப்பிக்கத்தக்கது என்று ஒன்றைச் சொல்லும்போது, அது ஊறும் வேகத்துக்குள் நாம் எடுத்தால் மட்டும்தான் அந்தப் பெயர் பொருந்தும். இதை எனக்கு எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாகச் சொன்னது இந்த இரண்டு இடங்கள்தான்.

வீடுகளைச் சூடாக்கிவிட்டு 35 பாகையில் வெளியேறும் நீரைக்கூட அவர்கள் வீணாக்குவதில்லை. நடைபாதைகளுக்கு அடியில் ஓடவிட்டுப் பனியை உருக்குகிறார்கள். மூட்டை சுமந்த பெண்கள் வழுக்கி நடந்த நகரத்தில்.

சுனைகள் இருந்த இடத்தில் இப்போது ஒரு சலவைப் பெண்ணின் சிலை இருக்கிறது. அஸ்முண்டுர் ஸ்வெய்ன்சன் செய்தது. என் ஸ்லைடில் அதற்கு இடமில்லை.

தினமும் நான் ரயில் மாறும் நிலையம் டோபி காட். அங்கே ஓடிய ஓடையில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்தார்கள். அதனால்தான் அந்தப் பெயர். நாலு வருஷமாக அந்தப் பலகையைப் படித்துக்கொண்டே நடந்திருக்கிறேன். அவர்களைப் பற்றி எனக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியாது. ரெய்க்யவிக்கின் பெண்களைப் பற்றித் தெரிந்த அளவுகூடத் தெரியாது.