டார்வின் சேகரித்த மீனும் நீண்ட துடுப்பும்

வண்ண மீன் தொட்டியின் அடியில் மணலைக் கிளறி இரை தேடும் சிறிய கெளுத்தி மீனைப் பலர் பார்த்திருப்பீர்கள். உடலெங்கும் கரும்புள்ளிகள் சிதறிய இதனைக் கடைக்காரர்கள் 'பெப்பர்டு கோரிடோராஸ்' என்பர். சில தொட்டிகளில் இதே மீன் வேறு கோலத்தில் காணப்படும். முதுகுத் துடுப்பு பாய்மரம்போல் உயர்ந்திருக்கும். மற்றத் துடுப்புகளும் நீண்டு தொங்கும். இது ஒரு புதிய சிற்றினமா? விடை காண இம்மீனின் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் பயணம் செய்த சார்லஸ் டார்வின், தென் அமெரிக்காவில் இம்மீனைச் சேகரித்தார். இதனை ஆராய்ந்த லெனார்ட் ஜெனின்ஸ், 1842இல் 'கல்லிக்திஸ் பாலியேட்டஸ்' எனப் பெயரிட்டார். பின்னர் இது கோரிடோராஸ் என்னும் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. 2024இல் அப்பேரினத்தை அறிஞர்கள் பலவாகப் பிரித்தபோது, 'ஹோப்லிசோமா பாலியேட்டம்' என்ற பெயர் பெற்றது. பெயர் மாறியதே தவிர, மீன் மாறவில்லை.

ஆனால் தொட்டியில் மீனே மாறியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பாரிஸ் நகரில் பியேர் கார்பொன்னியே இம்மீனை இனப்பெருக்கம் செய்வித்தார். அன்று முதல் இது பல தலைமுறைகளாகத் தொட்டிகளில் வளர்ந்து வருகிறது. இயற்கையில் நீண்ட துடுப்பு நீந்துவதற்கு இடையூறு. பகைவரிடமிருந்து தப்புவதும் கடினம். தொட்டியிலோ அந்த அபாயம் இல்லை. திடீர் மாற்றத்தால் தோன்றிய மீன்களை வளர்ப்போர் விரும்பித் தேர்ந்தெடுத்துப் பெருக்கினர்.

அப்படியானால் இனத்தை எவ்வாறு அறிவது? துடுப்பின் நீளத்தை நம்பலாகாது. சாதாரண ஆண் மீனுக்கே பெண்ணைவிட முதுகுத் துடுப்பு உயரமாக இருக்கும். உடலின் இருபுறமும் இரு வரிசையாக அமைந்த எலும்புத் தகடுகள், புள்ளிகளின் அமைப்பு, துடுப்புக் கதிர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். முதுகுத் துடுப்பில் ஒரு முள்ளும், பொதுவாக ஏழு மென்கதிர்களும் உண்டு. நீள்துடுப்பு வகையில் கதிர்கள் நீளுமேயன்றிப் பெருகுவதில்லை.

தோற்றத்தை மட்டும் நம்பினால் அறிஞரும் தவறுவர். 1963இல் ஜெர்மானியரான ஹெர்மன் மெய்ங்கன், புள்ளிகள் கொண்ட ஒரு சிறு மீனைப் 'பிராக்கிடேனியோ பிராங்கை' எனும் புதிய சிற்றினமாக அறிவித்தார். அது வரிக்குதிரை மீனின் திடீர் மாற்ற வகையே எனப் பிற்காலத்தில் தெளிவாயிற்று. கோடுகளுக்குப் பதில் புள்ளிகள் தோன்றியதே வேறுபாடு!

அதே வரிக்குதிரை மீனிலும் நீள்துடுப்பு வகைகள் உண்டு. அவற்றுள் ஒன்றின் காரணம் 2014இல் வெளியாயிற்று. செல்லிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறும் வழியை அமைக்கும் ஒரு ஜீனில் ஏற்பட்ட மாற்றமே துடுப்பை அளவு மீறி வளரச் செய்கிறது. ஒரு ஜீன் மாறினால் போதும், மீனின் உருவமே வேறாகத் தோன்றும். ஆயினும் இனம் அதுவே.

ஆகவே விந்தையான கெளுத்தியைக் கண்டதும் புதுப்பெயர் சூட்ட விரைய வேண்டாம். தவறான பெயருடன் விற்கப்படும் மீன், வேறு சிற்றினத்தோடு கலக்க நேர்ந்தால் அதன் வழித்தோன்றல்களை இனங்காண்பது அரிதாகிவிடும். முதலில் கதிர்களை எண்ணுங்கள். துடுப்பின் அழகைப் பிறகு ரசிக்கலாம்.