மோர்பாத் தேவாலயத்தின் ஆடுகள்

இடைக்கால இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலயம் என்றால் பிரபு கட்டியது, பாதிரியார் ஆண்டது, ஊரார் மண்டியிட்டது என்றே பலரும் எண்ணுகிறார்கள். பல ஊர்களில் முதலில் கட்டியவர் பிரபுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 13ஆம் நூற்றாண்டுக்குள் ஒரு வழக்கம் நிலைபெற்றுவிட்டது: பீடமிருக்கும் பகுதியைப் பழுதுபார்ப்பது பாதிரியார் தரப்பின் கடமை, மக்கள் கூடும் நடுமண்டபம் ஊரார் பொறுப்பு. செலவு யார் தலையில் விழுந்ததோ, அவர்களிடமே அதிகாரமும் மெல்லச் சேர்ந்தது. டெவன் மாவட்டத்து மோர்பாத்தின் கணக்கேடு இதற்கு நல்ல சான்று. எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் ஓரத்தில் 33 குடும்பங்கள் வாழ்ந்த ஏழை ஊர் அது. 1520 முதல் 1574 வரை கிறிஸ்டோபர் டிரிக்கி என்ற ஒரே பாதிரியார்.

அங்கே புனிதர்களுக்கு ஆடுகள் இருந்தன. மாதாவின் ஆடு இன்னார் மந்தையில், சிட்வெல் அம்மையின் ஆடு இன்னார் கிடையில் என்று ஏட்டில் பதிவாகும். செத்த ஆட்டுக்கும் கணக்கு உண்டு. கம்பளி விற்ற காசில் சிலைகளுக்கு முன் விளக்கெரிந்தது. இளைஞர்களுக்குத் தனி நிதி, கன்னிப்பெண்களுக்குத் தனி நிதி, இரண்டுக்கும் தனித்தனிப் பொறுப்பாளர்கள். நரக பயத்தில் பிடுங்கிய பணம்தானே என்று கேட்கலாம். பயமும் சட்டமும் இருந்தன, உண்மை. ஆனால் சிட்வெல் சிலைக்கு வெள்ளிக் காலணி செய்துபோடும்படி எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

ஏட்டை எழுதியவர் பாதிரியார், அவர் விரும்பிய ஒற்றுமையைத்தானே காட்டுவார் என்பது இன்னும் கூர்மையான ஆட்சேபம். அவர் குரல் அதில் உரக்கவே கேட்கிறது. ஆனால் அந்தக் கணக்கு ஊர் கூடியிருக்க வாசிக்கப்பட்டது; பொய்யெழுதி அவர்கள் முன் படிப்பது எளிதல்ல. தவிர, கோயில் உதவியாளரின் கூலியை யார் தருவது என்று 1530களில் ஆண்டுக்கணக்கில் நீண்ட சண்டையையும் அவர் ஒளிக்கவில்லை. கொடுக்க மறுத்தவர்களை வழிக்குக் கொண்டுவர அவருக்குச் சமரசம்தான் வேண்டியிருந்தது, ஆணை போதவில்லை.

இறந்தோர் திருப்பலிக்கான கறுப்பு உடைக்கு டிரிக்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் பணம் சேர்த்தார். 1547இல் அது வந்து சேர்ந்தது. பழைய கத்தோலிக்க வழக்கங்களை அகற்றும் அரசின் மதச் சீர்திருத்தம் முற்றிய காலமும் அதுவே. சீக்கிரமே புனிதர்களின் நிதிகள் கலைந்தன, ஆடுகள் போயின, வருமானம் தரும் பீர் விருந்தும் நின்றது. 1549இல் புதிய ஜெப நூலை எதிர்த்து மேற்கு மாவட்டங்கள் கிளர்ந்தபோது, மோர்பாத் தன் இளைஞர்கள் ஐந்து பேரை எக்ஸெட்டர் முற்றுகை முகாமுக்கு அனுப்பியது. அந்தச் செலவும் தேவாலயக் கணக்கிலேயே எழுதப்பட்டது.