கூறையும் கூரையும்

ஜவுளிக்கடைப் பலகைகளிலும் கல்யாணச் செலவுப் பட்டியல்களிலும் 'கூரைப் புடவை' என்று எழுதுவது பரவிவருகிறது. வீட்டின்மேல் வேய்வது கூரை. முகூர்த்தத்துக்குப் பெண் உடுத்துவது கூறை. வீட்டைக் கூரை மறைக்கிறது, உடலைப் புடவை மறைக்கிறது, ஆகவே இரண்டும் ஒரே சொல்தான் என்று வாதிடுவோர் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சான்று எதிர்ப்பக்கம் நிற்கிறது. தமிழர் பேச்சில் ரகர றகர வேறுபாடு பல இடங்களில் மங்கிவிட்டது, மலையாளத்தில் மங்கவில்லை. அங்கே துணி 'கூற', குடிசை 'கூர'. பிரிந்துபோன உறவுமொழி இரண்டையும் தனித்தனியே காத்துவைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தாரும் தாலியோடு சேர்த்துக் கூறை என்றே எழுதுகிறார்கள்.

அப்படியானால் கூறை எங்கிருந்து வந்தது? கூறு என்பதிலிருந்து என்பது என் முடிவு. கூறுபடுத்துவது பிரிப்பது, துண்டாக்குவது. தமிழில் துணிக்கு அமைந்த பெயர்கள் பலவும் வெட்டும் வினையிலேயே பிறந்தவை: துணித்தது துணி, துண்டித்தது துண்டு, அறுத்தது அறுவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற சங்கப் புலவர் பெயரிலேயே அந்தத் தொழில் இருக்கிறது. அறு அறுவை ஆனதுபோலக் கூறு கூறை ஆயிற்று. தைக்காமல், கத்தரிக்காமல் முழுசாக உடுத்துகிற புடவைக்கு வெட்டின் பெயர் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். வலுவான கேள்விதான், விடை தறியில் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலைகள் நெய்வார்கள். ஒரு சேலைக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் பாவு நெய்யாமல் நிற்கும். கத்தி விழுவது அங்கேதான். வெட்டுப்பட்ட அந்த இழைகளையே முந்தானையில் குஞ்சமாக முடிகிறார்கள். அறுத்தெடுக்கும்வரை தறியில் இருப்பது ஒரே நீளம். அறுத்த பிறகுதான் அது ஒரு சேலை.

கல்வெட்டுத் தமிழும் இதற்குத் துணைநிற்கிறது. பல்லவர் காலத்து வரிப்பெயர்களில் தறிக்கூறை உண்டு; நெய்கிறவன் துணியாகவே செலுத்திய வரி அது. ராஜராஜன் காலத்து ஆனைமங்கலக் கொடையைச் சொல்லும் லெய்டன் செப்பேட்டில் அதே வகை வரி தறிப்புடவை எனப்படுகிறது. கூறை இருந்த இடத்தில் புடவை வந்து உட்கார்ந்துவிட்டது. அங்கே கூரைக்கு வேலையே இல்லை. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த, 7ஆம் நூற்றாண்டுப் பரமேசுவரவர்மனின் செப்பேடும் செக்கையும் தறியையும் சேர்த்தே பேசுகிறது. நெசவு வட்டாரத்து ஊர் என்பதால் கூரம் என்ற பெயரையும் கூறையோடு முடிச்சுப்போட ஆசை வரும். அதற்கு இடமில்லை. கூரமும், அவ்வூரில் பிறந்த கூரத்தாழ்வான் பெயரும் இடையின ரகரம் கொண்டவை. மயிலாடுதுறையின் கூறைநாடு வேறு. புடவைக்குப் பேர்போன அந்த ஊரை இன்று கொரநாடு என்று அழைத்தாலும், அதை எழுதவேண்டியது வல்லின றகரத்தில்தான்.